ஹீட் பம்ப் கொட்டேஷன்: 3,000, 6,400, 11,100 பவுண்டு, எது நியாயமான விலை?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய மூன்று படுக்கையறை செமி வீடு, அதாவது ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. பின்னால் சமையலறையை இழுத்துக் கட்டியிருக்கிறீர்கள். பதினைந்து வருடப் பழைய காம்பி பாய்லர் (டேங்க் இல்லாமல் வீட்டுச் சூடும் குளியல் வெந்நீரும் தரும் கேஸ் பாய்லர்) மூச்சு வாங்குகிறது. காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் போட மூன்று பேரிடம் விலை கேட்டீர்கள். அரசு மானியம் 7,500 பவுண்டு கழித்தபின் ஒருவர் 3,000, இன்னொருவர் 6,400, மூன்றாமவர் 11,100 என்கிறார். "உண்மையில் எவ்வளவு ஆகும், யார் ஏமாற்றுகிறார்?" என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்தால், அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: பேசாமல் இன்னொரு கேஸ் பாய்லரே போட்டுவிடலாமா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். பல வருடங்களாக வீடுகளின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டு, பாய்லரும் ஹீட் பம்பும் வடிவமைத்துப் போடும் வேலையில் இருக்கிறேன். உங்கள் வீட்டை நேரில் பார்த்ததில்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் யாரும் ஏமாற்றுவதாக எனக்குத் தோன்றவில்லை. மூன்று பேரும் மூன்று வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் இணைத்த விவரத்தின்படி, முதலாமவர் 6 கிலோவாட் மெஷின், 2 ரேடியேட்டர் (அறையைச் சூடாக்கும் வெந்நீர்த் தகடு) மாற்றம், அவற்றுக்குப் போகும் தண்ணீர் 55 டிகிரி. இரண்டாமவர் 7 கிலோவாட், 7 ரேடியேட்டர், 45 டிகிரி. மூன்றாமவர் 12 கிலோவாட், எல்லா ரேடியேட்டரும் புதிது, கூடுதலாக, மெஷினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தண்ணீரைத் தேக்கும் ஒரு பஃபர் டேங்க், சமையலறைத் தரைக்கு அடியில் குழாய். விலைக்குப் பக்கத்தில் அந்த டிகிரியை எழுதி வைத்துப் பாருங்கள், குழப்பம் பாதி தீர்ந்துவிடும். ஹீட் பம்பில் விலை என்பது பவுண்டு மட்டும் அல்ல. எத்தனை டிகிரித் தண்ணீரில் வீட்டைச் சூடாக வைக்க வடிவமைத்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்ததுதான் விலை.

ஊரில் ஸ்ப்ளிட் ஏசி நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரே மதியத்தில் மாட்டிவிட்டுப் போகிறார்கள், இங்கே ஏன் இத்தனை ஆயிரம் பவுண்டு என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. வெளியே நிற்கும் பெட்டிக்குள் இருப்பது ஏறக்குறைய அதே சாமான்தான்: கம்ப்ரசர், காயில், ஃபேன், குளிர்ப்பான் வாயு. ஏசி வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது, இது வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே தள்ளுகிறது. பெட்டி மட்டும் என்றால் 7 கிலோவாட் அளவுக்கு 3,500 முதல் 4,500 பவுண்டுக்குள் வந்துவிடும். மீதிப் பணம் போவது பெட்டிக்கு இந்தப் பக்கம். இங்கே அந்த வெப்பம் தண்ணீரில் ஏறி, குழாய் வழியாக ஒவ்வோர் அறைக்கும் போக வேண்டும். குளிக்க வெந்நீரும் அதுவே தர வேண்டும். உங்கள் வீட்டுக் குழாயும் ரேடியேட்டரும் 70 டிகிரித் தண்ணீரை மனதில் வைத்துப் போட்டவை. அதை 45 டிகிரிக்கு ஏற்றபடி மாற்றுவதுதான் வேலை, அதுதான் செலவு.

நடுவில் இருக்கும் கொட்டேஷனை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். மானியத்துக்கு முன் 13,900. இதில் பெட்டி சுமார் 4,000. நீங்கள் காம்பி வைத்திருப்பதால் வெந்நீர் டேங்க் கிடையாது. 200 லிட்டர் அளவில் ஹீட் பம்புக்கு ஏற்ற பெரிய காயில் உள்ள டேங்க் 1,300 முதல் 1,800. ஏழு ரேடியேட்டர்கள் வால்வோடு சேர்த்து ஏறக்குறைய 1,400. பெட்டியிலிருந்து டேங்க் வரை 28 மில்லிமீட்டர் குழாய், அதற்கு மேல் உறை, ஃபில்டர், பம்ப், உறைந்து போகாமல் காக்கும் வால்வு, கண்ட்ரோலர் எல்லாம் 1,200 போல. எலக்ட்ரீஷியன் தனி சர்க்யூட் இழுத்து ஐசொலேட்டர் மாட்ட 700. இரண்டு பேர் ஒரு வாரம் வேலை செய்யும் கூலி 3,500 அளவில். மீதம் வடிவமைப்பு, சான்றிதழ், காப்பீடு, கம்பெனி லாபம். ஒவ்வோர் எண்ணும் நூறு இருநூறு முன்பின் ஆகலாம். ஆனால் மூன்று படுக்கையறை வீட்டுக்கு மானியத்துக்கு முன் 10,000 முதல் 15,000 வரை என்பதுதான் இப்போது சந்தையில் பார்க்கிற விலை. அதனால் 13,900 அதிகமும் அல்ல, மலிவும் அல்ல.

மானியத்தைப் பற்றிச் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியவை சில. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருப்பது பாய்லர் அப்கிரேட் ஸ்கீம். 2022 மே மாதம் தொடங்கியது. அப்போது 5,000 பவுண்டு, 2023 அக்டோபரில் 7,500 ஆக்கினார்கள். நடத்துவது கேஸ், மின்சாரச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஜெம். நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, எம்சிஎஸ் சான்று (ஹீட் பம்ப் போன்றவற்றைப் போடுபவர்களுக்கான தரச் சான்று) பெற்ற நிறுவனம்தான் விண்ணப்பிக்கும். ஆஃப்ஜெம் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிச் சம்மதம் கேட்கும், அதற்குப் பதில் போட்டால் போதும். பணம் உங்கள் கைக்கு வராது, பில்லில் கழியும். பாய்லரையும் வைத்துக்கொண்டு ஹீட் பம்பும் போடும் கலப்பு ஏற்பாட்டுக்கு இந்த மானியம் கிடையாது. முன்பு அட்டிக்கிலும் சுவரிலும் இன்சுலேஷன் போட வேண்டும் என்று எனர்ஜி சான்றிதழில் எழுதியிருந்தால் அதை முடித்த பிறகுதான் மானியம் என்றிருந்தது. 2024 மே மாதத்தோடு அந்த நிபந்தனை போய்விட்டது. நிபந்தனை போய்விட்டதே தவிர அட்டிக்கில் இன்சுலேஷன் இல்லாமல் இருப்பது இன்னும் முட்டாள்தனம்தான், அது தனிக் கதை. ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்குத் தனித் திட்டம்: 7,500 மானியம், வேண்டுமானால் அதற்கு மேல் 7,500 வரை வட்டியில்லாக் கடன். வடக்கு அயர்லாந்துக்கு பாய்லர் அப்கிரேட் ஸ்கீம் பொருந்தாது.

வாட் (VAT) என்னும் விற்பனை வரியும் பாருங்கள். 2027 மார்ச் 31 வரை வீட்டு ஹீட் பம்ப் வேலைக்கு வாட் பூஜ்யம். அந்த வேலையின் பகுதியாகப் போடும் ரேடியேட்டருக்கும் டேங்குக்கும் அதே பூஜ்யம்தான். யாராவது ரேடியேட்டருக்குத் தனியாக 20 விழுக்காடு போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பின்னால் இது முக்கியமாக வரும்.

இப்போது டிகிரி விஷயம். இதில்தான் பெரும்பாலானவர்கள் கவனம் செலுத்துவதில்லை. கடையில் ரேடியேட்டரில் ஒட்டியிருக்கும் வாட் எண், ரேடியேட்டர் அறையைவிட 50 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும்போது தரும் வெப்பம். 20 டிகிரி அறையில் 45 டிகிரித் தண்ணீர் போய் 40ஆகத் திரும்பினால் சராசரி வித்தியாசம் 22.5 டிகிரிதான். அப்போது அதே ரேடியேட்டர் எழுதியிருக்கும் அளவில் 35 விழுக்காடுதான் தரும். உங்கள் முன்னறையை எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த பெரிய ஜன்னல் என்று எழுதியிருக்கிறீர்கள். குளிர் நாளில் 1,200 வாட் போல இழக்கும் என்று வைப்போம். அதற்கு 45 டிகிரியில் 3,400 வாட் என்று ஒட்டிய ரேடியேட்டர் வேண்டும். உங்கள் படத்தில் ஜன்னலுக்குக் கீழே இருப்பது ஒற்றைத் தகடு, ஒரு மீட்டர் நீளம். ஏறக்குறைய 1,000 வாட் வகை. அதே நீளத்தில் இரட்டைத் தகடு போட்டால் 1,700. ஆக அந்த அறைக்கு இரட்டைத் தகட்டில் இரண்டு வேண்டும், அல்லது ஒன்றே பெரிதாக வேண்டும். 55 டிகிரியில் ஓட்டினால் இந்தத் தேவை நன்றாகக் குறைந்துவிடும். முதலாமவர் இரண்டு ரேடியேட்டரோடு முடித்துக்கொண்டதன் ரகசியம் இதுதான்.

அதில் என்ன தப்பு? வீடு சூடாகத்தானே செய்யும்? ஆமாம், சூடாகும். ஆனால் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்றினால் ஹீட் பம்பின் திறன் சுமார் 2 விழுக்காடு இறங்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் கிடைக்கிறது என்பதே திறன். 45 டிகிரிக்கு ஒழுங்காக வடிவமைத்தால் வருடச் சராசரி 3.5ஐ எதிர்பார்க்கலாம், நல்ல கைகளில் 4ஐயும் தாண்டுகிறது. 55 டிகிரிக்கு வடிவமைத்து, கண்ட்ரோலரைத் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டுப் போனால் 2.8 போலத்தான் வரும். இந்த 2.8 என் வாய்க்கு வந்த எண் அல்ல. அரசு பணத்தில் 740க்கு மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப் போட்டு அளந்த ஒரு பெரிய சோதனைத் திட்டத்தில் நடுத்தரமாக வந்ததும் ஏறக்குறைய அதுவே. மெஷின் மோசம் என்பதால் அல்ல, போட்ட விதம் அப்படி.

உங்கள் பில்லை வைத்தே கணக்குப் போடுவோம். வருடம் 15,000 யூனிட் (கிலோவாட்-மணி) கேஸ் என்று சொன்னீர்கள். பழைய பாய்லர் 85 விழுக்காடு திறன் என்றால் வீட்டுக்கு உண்மையில் போகும் வெப்பம் 12,750 யூனிட். கேஸ் யூனிட் 6 பென்ஸ், மின்சாரம் 25 பென்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன். விலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், உங்கள் பில்லில் இருக்கும் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போதைய கேஸ் செலவு 900 பவுண்டு. திறன் 2.8 என்றால் ஹீட் பம்புக்கு 1,138 பவுண்டு. 3.5 என்றால் 911. 4 என்றால் 797. அதாவது முதலாமவரின் மெஷின் உங்கள் கேஸ் பில்லைவிட வருடம் 240 பவுண்டு அதிகம் கேட்கும். "ஹீட் பம்ப் போட்டுக் கெட்டேன்" என்று சொல்லும் பலரின் கதை இங்கேதான் தொடங்குகிறது. இரண்டாமவரின் மெஷின் கேஸுக்குச் சமமாக நிற்கும்.

முதல் இரண்டு கொட்டேஷனுக்கும் வித்தியாசம் 3,400 பவுண்டு. ஓட்டும் செலவில் வித்தியாசம் வருடம் 227. பதினைந்து வருடத்தில் அந்த 3,400ஐ அப்படியே மின்சாரக் கம்பெனிக்குக் கட்டியிருப்பீர்கள். மெஷினின் ஆயுளும் பதினைந்து முதல் இருபது வருடம் என்றுதான் சொல்கிறார்கள். ஆகப் பணக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், முன்னால் கட்டுவதா பின்னால் கட்டுவதா என்பதுதான் தேர்வு. இதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் தொழிலில் இருப்பவர்கள் மலிவான கொட்டேஷன் என்றாலே குப்பை என்று பேசுவார்கள். கையில் இப்போது 6,400 இல்லை என்றால் முதலாமவரிடம் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வோர் அறையாக ரேடியேட்டர் மாற்றிக்கொண்டே போய், தண்ணீரின் சூட்டை இறக்கிக்கொண்டே வரலாம். ஆனால் அப்போது தனியாகப் போடும் ரேடியேட்டருக்கு 20 விழுக்காடு வாட் வரி உண்டு, ஒவ்வொரு முறையும் பிளம்பர் வந்து போகும் கூலி உண்டு, தண்ணீரை வடித்து நிரப்பும் தொல்லை உண்டு. முடிந்தால் ஒரே முறையில் முடிப்பது லாபம்.

மூன்றாமவரின் 12 கிலோவாட் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை, அது உங்கள் வீட்டுக்குப் பெரிது. ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். லண்டன் குளிருக்கு, வருடக் கேஸ் யூனிட்டை 2,900ஆல் வகுத்தால் வீட்டின் உச்ச வெப்ப இழப்பு கிலோவாட்டில் தோராயமாக வரும். 15,000 வகுத்தல் 2,900, சுமார் 5.2. இரண்டாமவர் அறை அறையாக அளந்து 7.4 என்கிறார். இந்த இடைவெளி ஏன்? இரண்டு காரணம். கணக்கு முறையில் காற்றுக் கசிவுக்கு வைக்கும் எண்கள் பெரும்பாலும் தாராளமாக இருக்கும், அதனால் காகிதத்தில் இழப்பு கூடித் தெரியும். மறுபக்கம், மேல் மாடியில் இரண்டு அறைக்கு ரேடியேட்டரை மூடி வைத்திருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்கள் பில் வீட்டின் முழுத் தேவையைக் காட்டவில்லை. உண்மை இடையில் எங்கோ, 6ஐ ஒட்டி இருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான். எப்படிப் பார்த்தாலும் 12 இல்லை.

பெரிதாக இருந்தால் நல்லதுதானே, பாய்லரில் அப்படித்தானே வாங்குவோம் என்று தோன்றும். காம்பி பாய்லரில் 30 கிலோவாட் வாங்குவது குளியலுக்கு உடனே வெந்நீர் வேண்டும் என்பதற்காக. ஹீட் பம்புக்கு டேங்க் இருப்பதால் அந்த அவசரம் இல்லை. லண்டனில் மைனஸ் 2 டிகிரிக்குத்தான் வடிவமைக்கிறோம், அப்படிப்பட்ட நாள் வருடத்தில் சில. மற்ற நாட்களில் வெளியே 8, 10 டிகிரி இருக்கும்போது வீட்டுக்கு 2 அல்லது 3 கிலோவாட் போதும். 12 கிலோவாட் மெஷின் அவ்வளவு தாழ்ந்து ஓட முடியாமல் நின்று நின்று கிளம்பும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் பஸ் டீசல் குடிப்பது மாதிரி மின்சாரம் குடிக்கும், கம்ப்ரசரும் தேயும். அதைச் சமாளிக்கத்தான் பஃபர் டேங்க் சேர்த்திருக்கிறார். அதில் போகிற சூடான தண்ணீரும் திரும்பி வருகிற ஆறிய தண்ணீரும் கலந்தால், ரேடியேட்டருக்கு 45 வேண்டும் என்பதற்காக மெஷின் 48, 49 தயாரிக்க வேண்டிவரும். தேவையே இல்லாத வீட்டில் திறனைத் தின்னும் சாமானுக்குப் பணம் கொடுப்பானேன்? சில வீடுகளுக்கு அது வேண்டும்தான், உங்கள் வீட்டுக்கு ஏன் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். சமையலறைத் தரைக்குழாய் நல்ல யோசனை, ஆனால் கான்கிரீட்டை உடைத்துப் போடும் செலவுக்கு ஈடாக மிச்சம் வராது. எப்படியும் தரையை உடைத்துச் சமையலறையைப் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு.

எந்தக் கொட்டேஷனிலும் தெளிவாகத் தெரியாத, ஆனால் விலையைப் புரட்டிப் போடக்கூடிய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று குழாய். பாய்லர் தண்ணீர் போகும்போதும் வரும்போதும் 20 டிகிரி வித்தியாசத்தில் ஓடும். ஹீட் பம்ப் 5 டிகிரி வித்தியாசத்தில். அதே வெப்பத்தைக் கொண்டுபோக நான்கு மடங்கு தண்ணீர் ஓட வேண்டும். 15, 22 மில்லிமீட்டர் செப்புக் குழாய் என்றால் இந்த அளவு வீட்டில் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். விரல் பருமன்கூட இல்லாத 8 அல்லது 10 மில்லிமீட்டர் குழாய் ரேடியேட்டருக்கு வந்தால் பல இடங்களில் மாற்ற வேண்டியிருக்கும், அதற்குத் தரைப் பலகையைத் தூக்க வேண்டும், ஆயிரக்கணக்கில் ஏறும். 1930களின் வீட்டில் மூலக் குழாய் தடிமனாக இருந்தாலும், பிறகு இழுத்துக் கட்டிய பகுதியில் யாரோ மெல்லிய குழாயைக் கான்கிரீட்டுக்குள் விட்டிருப்பார்கள். உங்கள் சமையலறை ரேடியேட்டருக்கு வரும் குழாயின் தடிமனை ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று மின் இணைப்பு. மீட்டருக்குக் கீழே இருக்கும் மெயின் ஃபியூஸ் 60 ஆம்பியராக இருந்தால் 80 அல்லது 100 ஆக்க வேண்டிவரலாம். அந்தக் கால செமி வீடுகளில் தெருவிலிருந்து ஒரு கேபிள் உங்கள் வீட்டுக்கு வந்து, அங்கிருந்தே பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். லூப் என்போம். அதைப் பிரிக்காமல் ஹீட் பம்புக்கு அனுமதி கிடைக்காமல் போகலாம். பிரிக்க வேண்டியது உங்கள் பகுதி மின் வலைக் கம்பெனி, வீட்டுக்காரரிடம் பெரும்பாலும் பணம் கேட்பதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், முன்வாசல் தோண்ட வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். மானிய வவுச்சர் மூன்று மாதம்தான் செல்லும் என்பதால், இதை முடிக்காமல் விண்ணப்பத்தைப் போட விடாதீர்கள்.

இடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பக்கச் சந்தில், வேலியை ஒட்டி வைக்கலாமா? பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித்தான் வைக்க வேண்டும் என்ற விதியை இங்கிலாந்தில் 2025 மே மாதம் எடுத்துவிட்டார்கள். ஆனால் சத்தக் கணக்கு இன்னும் உண்டு. பக்கத்து வீட்டு ஜன்னலில் எவ்வளவு கேட்கும் என்று போடுபவர் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். இப்போது வரும் பல மெஷின்களில் புரோபேன் வாயு இருக்கிறது. எரியக்கூடியது என்பதால் கதவு, ஜன்னல், சாக்கடைத் துளை பக்கத்தில் வைக்கக் கூடாது. எவ்வளவு தள்ளி என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். சந்து குறுகலாக இருந்தால் இதிலேயே அடிபட்டுப்போகும். அப்புறம் தண்ணீர். குளிர் நாளில் காயில் மேல் பனி பிடிக்கும், மெஷின் சிறிது நேரம் திரும்பி ஓடி அதை உருக்கும். அப்போது புகை போல ஆவி கிளம்பும், தீப்பிடித்ததோ என்று பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவது சகஜம். உருகிய தண்ணீர் லிட்டர் கணக்கில் கீழே விழும். அது நடைபாதையில் ஓடி உறைந்தால் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை வழுக்கி விழும். கீழே ஜல்லிக் குழி உண்டா என்று கேளுங்கள், அதற்கு நூறு இருநூறு பவுண்டு தனியாக எழுதுகிறவர்களும் உண்டு.

வீட்டுக்குள் பெரிய தலைவலி டேங்குக்கு இடம். காம்பி போட்ட காலத்தில் மேல் மாடியில் இருந்த வெந்நீர் அலமாரியை எடுத்துவிட்டு, இப்போது அங்கே சூட்கேஸும் விருந்தாளி மெத்தையும் இருக்கும். டேங்க் 55, 60 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரம், நிரம்பினால் கால் டன் எடை. ஆறு பேர் இருக்கும் வீடு, காலையில் எல்லோரும் தலைக்குக் குளிப்போம் என்கிறீர்கள். இரண்டாமவர் எழுதிய 210 லிட்டர் உங்களுக்குக் குறைவு என்பேன். 250 கேளுங்கள், விலையில் இருநூறு முந்நூறு பவுண்டு கூடும், அதைவிட அதிகம் கேட்டால் பேரம் பேசுங்கள்.

சரி, கேஸ் பாய்லரே போட்டுவிடலாமா? புது காம்பி 2,500 முதல் 3,500 பவுண்டு. 3,000 என்று வைத்தால் இரண்டாமவரின் ஹீட் பம்ப் அதைவிட 3,400 அதிகம். சாதாரண மின்கட்டணத்தில், திறன் 3.5இல் வருடாந்திர மிச்சம் ஒன்றுமே இல்லை, ஏன், புதுப் பாய்லர் பழையதைவிடக் கொஞ்சம் கேஸ் குறைவாகவே எரிக்கும். பணத்துக்காக மட்டும் என்றால் அந்தக் கணக்கில் ஹீட் பம்ப் தோற்கும். கணக்கை மாற்றுவது இரண்டு. நேரத்துக்கு நேரம் விலை மாறும் ஹீட் பம்ப் கட்டணத் திட்டங்கள் உண்டு. மலிவான நேரத்தில் வீட்டையும் டேங்கையும் சூடாக்கி, சாயங்கால விலையுயர்ந்த நேரத்தில் அடக்கி ஓட்டினால் சராசரி 18 பென்ஸ் அளவுக்கு இறக்கலாம். அப்போது திறன் 3.5இல் தேவைப்படும் 3,643 யூனிட் மின்சாரத்துக்கு 656 பவுண்டுதான். கேஸ் இணைப்பையே துண்டித்தால் தினசரி நிலைக்கட்டணம் வருடம் நூறு பவுண்டுக்கு மேல் மிச்சம். இரண்டும் சேர்ந்தால் வருடம் 350, பத்து வருடத்தில் வித்தியாசம் திரும்பிவிடும். பராமரிப்புக்கு இரண்டும் வருடம் ஒருமுறை ஆள் வர வேண்டும். ஹீட் பம்புக்கு 150 முதல் 250 வரை கேட்கிறார்கள், பாய்லரைவிடக் கொஞ்சம் கூட. இந்தப் பத்து வருடம் என்பது இன்றைய கேஸ், மின்சார விலைகள் இப்படியே இருந்தால். இருக்காது. மின்சாரத்தின் மேல் ஏற்றி வைத்திருக்கும் கொள்கைச் செலவுகளைக் குறைத்தால் ஹீட் பம்புக்குச் சாதகம், எவ்வளவு என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

கேஸ் இணைப்பைத் துண்டிப்பது என்றதும் உங்கள் மனைவி அடுப்பைக் கேட்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். மானிய விதிக்கு அடுப்பு ஒரு தடையில்லை. வீட்டுச் சூட்டுக்கும் வெந்நீருக்கும் மட்டும் கேஸ் இருக்கக் கூடாது, சமையலுக்கு இருக்கலாம். ஆனால் தோசைக்கும் சுண்டலுக்கும் எரியும் கொஞ்சம் கேஸுக்காக நிலைக்கட்டணம் முழுதும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இண்டக்ஷனில் வார்ப்பிரும்புத் தோசைக்கல் நன்றாகவே வேலை செய்யும், காந்தம் ஒட்டினால் போதும். அலுமினிய இடியாப்பப் பாத்திரத்தைத்தான் மாற்ற வேண்டிவரும். ஆறு மாதம் அடுப்பை வைத்துக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாமவரிடம் திரும்பிப் போய் நான்கு விஷயம் மின்னஞ்சலில் வாங்குவேன்: அறை வாரியான வெப்ப இழப்புக் கணக்கு, ஒவ்வொரு ரேடியேட்டரும் 45 டிகிரியில் எவ்வளவு தரும் என்ற அட்டவணை, வெளிக்குளிருக்கு ஏற்ப தண்ணீரின் சூட்டைத் தானே ஏற்றி இறக்கும் வெதர் காம்பன்சேஷனை அவரே சரிசெய்து தருவார் என்ற உறுதி, மானியம் மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் ரத்தாகும் என்ற வரி. முன்பணம் 25 விழுக்காட்டுக்கு மேல் கேட்டால் காரணம் கேளுங்கள். அதே கேள்விகளை முதலாமவரிடமும் கேட்கலாம். அவர் தொலைபேசியிலேயே விலை சொன்னவர் என்பதால் கணக்கு இன்னும் போட்டிருக்க மாட்டார். வந்து அளந்த பிறகு அவர் விலை 3,000இலேயே நிற்கிறதா என்று பார்ப்பதும் சுவாரசியமாக இருக்கும். இதற்கிடையில் அடுத்த குளிர் நாளில் உங்கள் பழைய பாய்லரின் தண்ணீரை 50 டிகிரிக்கு இறக்கி, நாள் முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். எந்த அறை சூடாகாமல் நிற்கிறதோ அந்த அறையின் ரேடியேட்டர்தான் முதலில் மாற வேண்டியது. ஒரு பைசா செலவில்லாமல் மூன்று கொட்டேஷனையும் இப்படிச் சரிபார்த்துவிடலாம். மீட்டர் பெட்டியின் படத்தையும் போடுங்கள், லூப் இருக்கிறதா என்று ஓரளவு சொல்ல முடியும்.